பெயர் தொலைந்த மாத்திரை

ஒரு நாள் காலை, இரவுப் பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த சக செவிலியர், மருந்துத் தள்ளுவண்டியின் மேல்தட்டில் இருந்த சிறிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் காட்டி, "ஏழாம் அறை அம்மாவுக்கு எடுத்து வைத்தேன் சிஸ்டர், தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுந்ததும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிண்ணத்தில் மூன்று மாத்திரைகள் இருந்தன. இரண்டு வெள்ளை, உருண்டை. ஒன்று வெளிறிய இளஞ்சிவப்பு. அவை எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதியாகும் என்பதையெல்லாம் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் அவற்றைக் கொடுக்கவில்லை. கழிவுப் பதிவேட்டில் எழுதி அப்புறப்படுத்திவிட்டு, மருந்துப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டையிலிருந்து மூன்று மாத்திரைகளைப் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். அவையும் இரண்டு வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. அவர் சரியாகத்தான் எடுத்து வைத்திருந்தார் போலும்.

அன்றிரவு பணிக்கு வந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வருத்தப்பட்டார். "என்மேல் இவ்வளவுதானா நம்பிக்கை?" என்று கேட்டார். ஒருவர் எடுத்த மாத்திரையை இன்னொருவர் கொடுப்பதில்லை என்ற விதியை நான் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதை அன்று எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. முதியோர் பராமரிப்பு இல்லங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு இப்போது ஓரளவு விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

அட்டையில் இருக்கும் வரை ஒரு மாத்திரைக்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, காலாவதித் தேதி உண்டு. வயிற்றுக்குள் போய்விட்டால், பதிவேட்டில் அதன் பெயர் ஏறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, கையிலும் கிண்ணத்திலும் இருக்கும் சில நிமிடங்கள் அது பெயரில்லாமல் இருக்கிறது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை, மருந்தின் பெயர் மருந்திலிருந்தோ, ஆளின் பெயர் ஆளிலிருந்தோ பிரிந்துபோன இடத்தில்தான் நடந்திருக்கின்றன. அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் உண்டு. பூட்டைத் திறந்த பிறகு நடப்பதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

இது ஏதோ ஓர் இல்லத்தின் கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரிட்டனில் 55 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 256 முதியவர்களின் மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். சராசரியாக ஒருவர் எட்டு மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு, மருந்து எழுதியதிலோ, கண்காணித்ததிலோ, வழங்கியதிலோ, கொடுத்ததிலோ ஒரு தவறாவது இருந்தது. பெரும்பாலானவை பெரிய தீங்கு விளைவிக்காத தவறுகள் என்பது ஆறுதல்தான். ஆனால் முதுமையில் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்கிறது, உடலின் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, பல மருந்துகள் இளையவர்களின் உடலில் தங்குவதைவிட நெடுநேரம் தங்கிவிடுகின்றன. ஆகவே அறுபது கிலோ எடையுள்ள நடுவயதுக்காரர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் தவறை, நாற்பது கிலோ எடையுள்ள எண்பத்தைந்து வயது அம்மா தாங்கிக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

சேமிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மருந்து அலமாரி பூட்டியிருக்க வேண்டும், சாவி பொறுப்பு செவிலியரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சுவரில் ஆணியில் தொங்கக் கூடாது. அறை வெப்பநிலையில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெட்டியில் 25 டிகிரி அல்லது 30 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். வெயில் நேராக விழும் ஜன்னலோர அலமாரியும், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரும், குளியலறை மேல்தட்டும் அந்த வரம்பைக் காப்பாற்றா. இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. நான் சொல்ல வருவது கத்திரிக்கோலைப் பற்றி. பத்து மாத்திரை உள்ள அட்டையைப் பாதியாக வெட்டும்போது, மருந்தின் பெயர் ஒரு பாதியிலும் காலாவதித் தேதி மறுபாதியிலும் போய்விடும். சில அட்டைகளில் ஒரு துண்டில் ஒன்றுமே மிஞ்சாது. ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் பெயர் அச்சிட்ட அட்டைகள் இருக்கின்றன, ஆனால் எல்லா நிறுவனங்களும் அப்படி அச்சிடுவதில்லை. உறவினர்கள் மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுக்கும் பையைக் கொட்டிப் பார்த்தால், இப்படிப்பட்ட வெட்டுத் துண்டுகள் ஏழெட்டு இருக்கும். "இது அப்பாவுக்குத் தினமும் கொடுக்கிறதுதான் சிஸ்டர்" என்பார் மகன். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பெயர் படிக்க முடியாத துண்டை நான் வாங்கிக்கொள்வதில்லை. முழு அட்டையாக, பெட்டியோடு, சீட்டோடு கொண்டுவரச் சொல்கிறேன். முதல் மாதம் சலித்துக்கொள்வார்கள், மூன்றாம் மாதம் பழகிவிடுவார்கள்.

கண் சொட்டு மருந்திலும் இதே கதை நடக்கும். திறந்த நான்கு வாரத்தில் தூக்கி எறிய வேண்டும் என்று பெரும்பாலான புட்டிகளுக்கு விதி இருக்கிறது. கிருமி சேரும் என்பதால். திறந்த தேதியைப் பெட்டியின் மேல் அழகாக எழுதி வைப்பார்கள். ஒரு வாரத்தில் பெட்டி கிழிந்து குப்பைக்குப் போகும், புட்டி மட்டும் தேதியில்லாமல் நிற்கும். தேதியைப் புட்டியின் மேலேயே, சின்ன ஒட்டுத்தாளில், அந்த முதியவரின் பெயரோடு எழுத வேண்டும். இரண்டு வகைச் சொட்டு போட வேண்டியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உடனுக்குடன் விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதைக் கழுவிவிடும்.

ஃபிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்துக்கென்று தனி ஃபிரிட்ஜ் இருக்க வேண்டும். அதில் பாலும் பழமும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய மாதிரிகளும் இடம்பிடிக்கக் கூடாது. வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும். காலை எட்டு மணிக்குப் பார்த்து "5" என்று எழுதினால், இரவு இரண்டு மணிக்கு அது பூஜ்யத்துக்கு இறங்கியதா என்பது தெரியாது. ஆகவே குறைந்தபட்சமும் அதிகபட்சமும் காட்டும் வெப்பமானியை உள்ளே வைத்து, இரண்டையும் குறித்துக்கொண்டு, அடுத்த கணக்குக்காகப் பழைய பதிவை அழித்துவிட வேண்டும். இன்சுலினைக் கதவுத் தட்டில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலின் கண்ணுக்கு நல்லதாகவே தெரியக்கூடும், ஆனால் அதை நம்பிப் போடக் கூடாது. ஒருமுறை பின்சுவரை ஒட்டியிருந்த நான்கு இன்சுலின் பேனாக்களை, அதாவது பேனா வடிவ ஊசிக் கருவிகளை, மொத்தமாக அப்புறப்படுத்தினேன். நிர்வாகத்துக்குக் கோபம், எனக்கும் மனசு கேட்கவில்லை, என்றாலும் வேறு வழி இல்லை. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. பெரும்பாலான இன்சுலின் வகைகள் திறந்த பின் அறை வெப்பநிலையில் 28 நாள் தாங்கும். சில வகைகளுக்குக் கணக்கு வேறு, பெட்டிக்குள் உள்ள தாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேனாவின் மேல் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், மூடியின் மேல் ஒட்டக் கூடாது, ஏனென்றால் மூடிகள் இடம் மாறும். ஊசியை மாற்றிவிட்டால் ஒருவர் பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பேனாவின் குப்பிக்குள் இரத்தம் பின்னேறி வரக்கூடும் என்பதால் அது கூடவே கூடாது.

மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு இரட்டைப் பூட்டு, இரட்டைக் கையெழுத்து, ஒவ்வொரு பணி மாற்றத்தின்போதும் எண்ணிக்கை. இதில் நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தோலில் ஒட்டும் கடும் வலிநிவாரணியான ஃபென்டனில் பட்டையைப் புதிதாக ஒட்டுகிறவர் பழைய பட்டையைக் கண்ணால் பார்த்து எடுத்த பிறகுதான் ஒட்ட வேண்டும். 72 மணி நேரம் கழித்தும் அதில் மருந்து மிச்சம் இருக்கும். பழையது முதுகில் மறந்துபோய்க் கிடக்க, புதியது மார்பில் ஏறினால், அந்த முதியவர் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போய்விடுவார். ஒட்டிய இடத்தையும் பதிவேட்டில் எழுதும் பழக்கம் இதற்காகத்தான்.

இனி என் சொந்தத் தவறு ஒன்று. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. சாப்பாட்டுக் கூடத்தில் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோர மேசையில் இரண்டு அம்மாக்கள் எப்போதும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவருக்கு இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள், மற்றவருக்குத் தைராய்டும் கால்சியமும். நான் இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்துக் கையில் வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவரின் மகள், சளி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பேசி முடித்துத் திரும்பி, நாற்காலியைப் பார்த்து நடந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, வாயைத் திறந்தார். விழுங்கிய பிறகுதான் எதிர் நாற்காலியிலிருந்து, "வெயில் கண்ணைக் கூசுகிறது என்று இடம் மாற்றிக்கொண்டோம் கண்ணு" என்று குரல் வந்தது.

மருத்துவரை உடனே அழைத்தேன். படுக்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தேன். மேல் அளவு ஒரு கட்டத்தில் 90ஐத் தொட்டது. எழுந்து கழிவறைக்குப் போகிறேன் என்றவரை எழவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகனுக்குத் தொலைபேசியில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாலைக்குள் சரியாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு ஞாபகமறதி நோய் இருந்தது, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் தலையாட்டுவார் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் ஆளைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு, பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் ஒட்டாமல் நான் மருந்து கொடுத்ததில்லை. ஒரே பெயர் கொண்ட இருவர் இருந்தால் இரு பக்கங்களிலும் சிவப்பு மையில் குறித்துவைப்பேன். "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்பதில்லை, "உங்கள் பெயர் என்ன, சொல்லுங்கள்" என்று கேட்கிறேன், சொல்ல முடியாதவருக்குப் புகைப்படம்.

தொலைபேசியின் பங்கையும் விட்டுவிட முடியாது. 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் மருந்து கொடுப்பதை அருகிலிருந்து கவனித்தார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் தவறு நேரும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடியது. மருந்து கொடுக்கும் நேரத்தில் அழைப்பை வேறு ஒருவர் எடுக்கட்டும் என்று எங்கள் இல்லத்தில் ஏற்பாடு செய்ய எனக்கு ஓராண்டு பிடித்தது. அந்த ஒரு மணி நேரம் செவிலியர் ஒருவரை அழைப்பிலிருந்து விடுவிப்பது நிர்வாகத்துக்கு ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

மாத்திரையைப் பொடிப்பது இன்னொரு பெரிய விஷயம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டு இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று பெயருக்குப் பின்னால் எழுத்துகள் இருந்தால், அந்த மருந்து பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ சிறிது சிறிதாக வெளியாகும்படி செய்யப்பட்டது. இடித்துவிட்டால் அத்தனை நேரத்துக்குமான மருந்து முழுவதும் ஒரே சமயத்தில் இரத்தத்தில் இறங்கும். வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்றவற்றின் மேலுறை, வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பாற்றிக் குடலுக்குக் கொண்டுபோவதற்காக இருக்கிறது. இடித்தால் மருந்து வீணாகும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் அலென்ட்ரோனேட்டை இடிக்கவும் கூடாது, படுத்தபடி கொடுக்கவும் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி, திரவமாகவோ வேறு வடிவத்திலோ கேட்டு வாங்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். அப்படியும் இடிக்க வேண்டியதாகிவிட்டால், மருந்தாளுநரைக் கேட்ட பிறகு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடித்துத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஐந்து மருந்து கலந்த பொடியில் பாதியை அவர் துப்பிவிட்டால், எது உள்ளே போயிற்று என்று யாருக்குத் தெரியும்?

நேரத்தைப் பொறுத்தவரை எல்லா மருந்தும் ஒரே மாதிரி அல்ல. சத்து மாத்திரை ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது. பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா அரை மணி தாமதமானால், அவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உறைந்துபோகலாம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போக வேண்டும், கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளித்தான் வர வேண்டும். இதய மருந்தான டிகாக்சினுக்கு முன் நாடி பார்க்க வேண்டும்; 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். உணவுக்கு முந்தைய இன்சுலினை, சாப்பாட்டுத் தட்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போட வேண்டும், ஏனென்றால் ஊசி போட்ட பின் "பசியில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முதியவரை வைத்துக்கொண்டு தவிப்பது பெரிய கொடுமை. மெத்தோட்ரெக்ஸேட் மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே கொடுக்கும் மருந்து. தவறித் தினமும் கொடுத்து எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உலகின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில் அதற்குரிய வரிசையில் அந்த ஒரு கிழமையைத் தவிர மற்ற ஆறு கட்டங்களையும் பேனாவால் அடித்துவைப்போம்.

கையெழுத்தைப் பற்றி. வசதிக்காக, வண்டியைத் தள்ளும் முன்பே எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டே மொத்தமாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னவர் கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுகிறார். பின்னவர் ஒரு கட்டத்தை மறந்து வெற்றிடமாக விட்டால், அடுத்து வருகிறவர் கொடுக்கவில்லை போலும் என்று நினைத்து இரண்டாம் முறை கொடுத்துவிடக்கூடும். விழுங்கியதைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் கன்னத்துக்குள்ளும் பார்த்து, அதன் பிறகு கையெழுத்து. ஒரு தாத்தாவின் தலையணை உறையை மாற்றும்போது பதினொரு மாத்திரைகள் உதிர்ந்தன. பதினொன்றுக்கும் எங்கள் கையெழுத்து இருந்தது.

அவர் ஏன் துப்பினார் என்று கேட்டோம். அந்த மாத்திரை சாப்பிட்டால் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது என்றார். மாலையில் கொடுத்துக்கொண்டிருந்த நீர் பிரியும் மாத்திரையை மருத்துவர் காலைக்கு மாற்றினார், பிரச்சினை தீர்ந்தது. மறுக்கிறவருக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அவருக்குத் தெரியாமல் உணவில் ஒளித்துக் கொடுப்பது, தானாக முடிவெடுக்க இயலாதவர் விஷயத்தில், மருத்துவரும் மருந்தாளுநரும் குடும்பத்தாரும் கூடிப் பேசி எழுத்தில் வைத்த பிறகு மட்டுமே செய்யக்கூடிய காரியம். சமையலறையில் ஒருவர் தனியாக எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது.

மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் நாளைப் போல ஆபத்தான நாள் இல்லை. போகும்போது ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்த மருந்து, திரும்பும்போது இன்னொரு நிறுவனத்தின் பெயரில் வரும். பழைய அட்டை இழுப்பறையில் கிடக்கும், புதிய அட்டை பையில் வரும், இரண்டையும் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது ஒரே இரத்த அழுத்த மருந்து, அம்லோடிபின். டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வணிகப் பெயரை விட்டு மூலமருந்தின் பெயரால் ஒவ்வொன்றாக ஒப்பிடுவதற்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் எத்தனையோ முறை ஒரு மருந்தை நிறுத்தியிருக்கிறோம். அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ், முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை 1991இல் முதலில் வெளியிட்டது பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களை மனத்தில் வைத்துத்தான். இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் அந்தப் பட்டியலில் பதற்றத்துக்குக் கொடுக்கும் டயஸிபாம், சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளைபென்கிளமைட் போன்ற, நம் இழுப்பறைகளில் சாதாரணமாகக் கிடக்கும் பெயர்கள் இருக்கின்றன. எட்டு மருந்தை ஆறாக்க முடியுமா என்று மருத்துவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்கும் உரிமை செவிலியருக்கு உண்டு.

ஏழாம் அறை அம்மா போன வருடம் இறந்துபோனார். ஒருவர் இறந்த பின் மிஞ்சிய மருந்தை, விலை உயர்ந்ததாக இருந்தாலும், வேறு ஒருவருக்குக் கொடுப்பதில்லை. இருவர் சேர்ந்து எண்ணி, எழுதி, மருந்தகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்று என்னோடு எண்ண உட்கார்ந்தவர், முன்பு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போன அதே சக செவிலியர். அவர் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார், நான் எழுதினேன். தைராய்டு மாத்திரை 22. அம்லோடிபின் 9. பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து ஒன்று, புட்டியின் மேல் தேதியோடு. இழுப்பறையின் மூலையிலிருந்து கடைசியாக ஒரு வெட்டுத் துண்டு வந்தது. அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார். எனக்கும் தெரியவில்லை. "எப்படி எழுத சிஸ்டர்?" என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு அவரே பேனாவை வாங்கி, "வெள்ளை மாத்திரை, பெயர் தெரியவில்லை, 4" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.